கருத்தடை மாத்திரையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இதுதான். கேட்டவருக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை. அடுத்தது மூன்று வருடம் கழித்துப் போதும் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாலா-என் மாத்திரையைச் சில மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறார். இதே மாத்திரையைச் சாப்பிட்டு வந்த அவருடைய நாத்தனார் இப்போது முழுகாமல் இருக்கிறார். "மாத்திரையெல்லாம் நம்ப முடியாது" என்கிறார் மாமியார். "99 சதவீதம் பலன் என்கிறார்களே, அப்படியானால் நாத்தனாருக்கு எப்படி ஆனது? நான் இதை நம்பி இருக்கலாமா?" என்று கேட்கிறார். மகப்பேறு மருத்துவராக இந்தக் கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு எண்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த சாதாரணக் கருத்தடை மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல், சொன்னபடி ஒரு வருடம் சாப்பிடும் 1,000 பெண்களில் சுமார் 3 பேர் கர்ப்பமாகிறார்கள். மறதி, வாந்தி, வெளியூர்ப் பயணம், அட்டை தீர்ந்துபோய் வாங்கத் தாமதமாவது என்று வாழ்க்கையில் வருகிற எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், 100 பெண்களில் சுமார் 7 பேர். உலக சுகாதார நிறுவனம் தரும் எண்களும் இவைதான். இந்த ஏழு என்ற எண், அமெரிக்காவில் பல வருடங்களாக நடக்கும் பெரிய கணக்கெடுப்புகளிலிருந்து வந்தது. எந்தத் தடையும் இல்லாமல் சேர்ந்து வாழும் இளம் தம்பதியரில் ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 85 பேர் கர்ப்பமாவார்கள் என்பதோடு ஒப்பிட்டால், அந்த ஏழுகூடப் பெரிய பாதுகாப்புதான். ஆனால் ஆயிரத்துக்கு மூன்றுக்கும் நூற்றுக்கு ஏழுக்கும் நடுவே இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. மாத்திரை அதே மாத்திரை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். 99 சதவீதம் என்றால், நூறு முறை சேர்ந்தால் ஒரு முறை கரு தங்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. இது ஒரு வருடத்துக்கு, நூறு பெண்களுக்கு என்று போடும் கணக்கு. ரேமண்ட் பேர்ல் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1930களில் வகுத்த முறை. இன்றும் மருந்துக் கம்பெனிகள் 'பேர்ல் குறியீடு' என்று அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். விடாமல் சாப்பிடும் ஒரு பெண்ணுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி பாதுகாப்பான நாள்தான். ஆபத்து எல்லா நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிக் கிடப்பதில்லை. சில குறிப்பிட்ட நாட்களில் கூடிக்கொள்கிறது. அந்த நாட்கள் எவை என்பதுதான் முழு விஷயமும்.

உங்கள் கையில் இருக்கும் அட்டையை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 28 மாத்திரை. முதல் 21 வெள்ளை. ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டோஜன் 0.15 மில்லிகிராமும் எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராமும் இருக்கும். கடைசி ஏழு பழுப்பு நிறம். அதில் ஹார்மோன் கிடையாது, இரும்புச்சத்து மட்டும்தான். கடையில் காசுக்கு விற்கும் மாலா-டியும் இதே மருந்துதான். மாலா-என் அரசு இலவசமாகத் தருவது. இலவசம் என்பதால் வீரியம் குறைவு என்று நினைக்கவே வேண்டாம்.

அந்த வெள்ளை மாத்திரைகள் செய்வது என்ன? மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, மாதாமாதம் சினைப்பைக்கு இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. அவற்றின் தூண்டுதலில்தான் ஒரு முட்டை வளர்ந்து வெடித்து வெளியே வருகிறது. மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் ரத்தத்தில் இருக்கும்வரை பிட்யூட்டரி அடங்கியிருக்கும். முட்டை வெளியே வராது. முட்டை இல்லையென்றால் கருவும் இல்லை. இதோடு, கருப்பை வாயில் இருக்கும் சளி கெட்டியாகி விந்தணு ஏற முடியாமல் தடுக்கிறது. கருப்பையின் உள்சுவரும் மெலிந்திருக்கும். ஆனால் முக்கியமான பூட்டு முதலாவதுதான்.

தொடர்ந்து ஏழு நாள் வெள்ளை மாத்திரை சாப்பிட்டால் சினைப்பை முழுதாக அடங்கிவிடும். அதன் பிறகு ஏழு நாள் ஹார்மோன் இல்லாமல் இருந்தாலும் அந்த அடக்கம் தாங்கும். பழுப்பு மாத்திரை ஏழு என்று வைத்திருப்பது அதனால்தான். ஆனால் அந்த ஏழு நாளில் பிட்யூட்டரி சும்மா இருப்பதில்லை. மெல்ல விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். ஏழாவது நாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், சில பெண்களுக்குச் சினைப்பையில் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு முட்டைப்பை வளர்ந்திருப்பது தெரியும். எட்டாவது நாள் புது அட்டையின் முதல் வெள்ளை மாத்திரை உள்ளே போனதும் அந்த வளர்ச்சி நின்றுவிடும். போகாவிட்டால் வளரும். இன்னும் சில நாள் விட்டால் முட்டை வெளியே வந்தேவிடும்.

ஆகவே, அட்டையின் நடுவில் ஒரு மாத்திரை மறந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் தவிக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பழைய அட்டை முடிந்து புது அட்டையை இரண்டு மூன்று நாள் தள்ளித் தொடங்கியவர்தான் கவலைப்பட வேண்டியவர். ஆனால் அவர் அதை மறதியாகவே நினைப்பதில்லை. "நான் ஒரு மாத்திரைகூட விடவில்லையே டாக்டர், அட்டை முழுதும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தேன்" என்று மனசாரச் சொல்வார். சொல்வது உண்மைதான். பழைய அட்டையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஓட்டை இரண்டு அட்டைக்கும் நடுவில் இருந்திருக்கும்.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கணவர் வெளிநாட்டில் இருப்பார். விடுமுறைக்கு வரும் தேதி தெரிந்ததும், அவர் வந்து இறங்குகிற அன்று மாத்திரையைத் தொடங்குவார்கள். அது போதாது. மாதவிடாய் தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. மற்ற எந்த நாளில் ஆரம்பித்தாலும் முதல் ஏழு நாளுக்கு ஆணுறை கட்டாயம். கணவர் வருவதற்கு முந்தைய மாதவிடாயிலேயே தொடங்கிவிடுவதுதான் நல்லது. புதுப் பெண்கள் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போவார்கள். "அவர் பக்கத்தில் இல்லையே, எதற்கு மாத்திரை" என்று பாதி அட்டையில் நிறுத்திவிட்டு, ஆவணியில் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து சாப்பிடுவார்கள். அது புதிதாகத் தொடங்குவதற்குச் சமம். பாதி அட்டைக்கு மேல் ஏற்கெனவே காலி என்றால் நாலைந்து வெள்ளை மாத்திரையிலேயே பழுப்பு வந்துவிடும், சினைப்பை அடங்கவே நேரம் கிடைக்காது. கூட்டுக் குடும்பத்தில் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விருந்தினர் வந்த நாள், பீரோ சாவி வேறொருவரிடம் இருந்த நாள் எல்லாம் விட்டுப்போகும். இவர்களில் யாரையும் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தினமும் ஒரே நேரத்தில், வருடக்கணக்கில், நோய் இல்லாத உடம்புக்கு ஒரு மாத்திரை போடுவது எளிதான காரியமே இல்லை. மாத்திரைப் பெட்டியில் மின்னணுக் கருவி வைத்து ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பெண்கள் குறித்துவைத்த விடுபட்ட நாட்களைவிட, பெட்டி உண்மையில் திறக்கப்படாத நாட்கள் அதிகமாகவே இருந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை. நேற்று போட்டோமா இல்லையா என்பது யாருக்கும் சரியாக நினைவிருக்காது.

சரி, விட்டுப்போனால் என்ன செய்வது? ஒரே ஒரு வெள்ளை மாத்திரை விட்டுப்போயிருந்தால், நினைவு வந்த உடனே போடுங்கள். அன்றைக்கு உரியதையும் வழக்கமான நேரத்தில் போடுங்கள், ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. வேறு எதுவும் தேவையில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போய் 48 மணி நேரம் தாண்டிவிட்டால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் உடனே போட்டுவிட்டு அட்டையைத் தொடருங்கள். அடுத்து ஏழு வெள்ளை மாத்திரை தொடர்ச்சியாக உள்ளே போகும்வரை ஆணுறை வேண்டும், அல்லது சேராமல் இருக்க வேண்டும். எந்த வாரத்தில் விட்டீர்கள் என்பதையும் பாருங்கள். முதல் வாரத்தில் விட்டு, அதற்கு முந்தைய ஐந்து நாளுக்குள் சேர்ந்தும் இருந்தால், அவசர கருத்தடை பற்றி அன்றே மருத்துவரிடமோ செவிலியரிடமோ பேசுங்கள். புது அட்டையை இரண்டு நாள் அல்லது அதற்கு மேல் தள்ளி ஆரம்பித்தவரும் இதே கணக்கில்தான் வருவார். மூன்றாவது வாரத்தில், அதாவது வெள்ளை வரிசையின் கடைசி ஏழில் விட்டால், பழுப்பு மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளை முடிந்த மறுநாளே புது அட்டையின் வெள்ளையைத் தொடங்குங்கள். அந்த மாதம் தீட்டு வராமல் போகலாம். அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. பழுப்பு மாத்திரையே விட்டுப்போனால்? கவலையே வேண்டாம், புது அட்டை மட்டும் தேதி தவறக் கூடாது.

என் நோயாளிகளுக்கு நான் சொல்லும் ஒரு வேலை உண்டு. அடுத்த அட்டையை, இப்போதைய அட்டையில் பழுப்பு தொடங்குவதற்கு முன்பே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் ஒரே தடவையில் இரண்டு மூன்று அட்டை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதும் புது அட்டையின் பின்பக்கத்தில் தொடங்க வேண்டிய தேதியைப் பேனாவால் எழுதுங்கள். மாத்திரை போடும் நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று இருந்தால் வசதி. கணவருடைய போனிலும் அலாரம் வைக்கச் சொல்லுங்கள். குழந்தை தள்ளிப்போக வேண்டும் என்ற முடிவு இருவருடையது என்றால் நினைவுபடுத்தும் வேலையும் இருவருடையதுதான்.

மறதி இல்லாமலே மாத்திரை தோற்கும் இடங்கள் சில உண்டு. மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். கடுமையான வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அந்த நாட்களை மாத்திரை விட்ட நாட்களாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேறு மருந்துகள். இதில் நம் நாட்டுக்கு முக்கியமானது காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் மருந்து என்றால் சாப்பிட்டவர்களுக்கு உடனே தெரியும். இது ஈரலில் இருக்கும் நொதிகளைத் தூண்டிவிட்டு, கருத்தடை ஹார்மோனை வேகமாக அழித்துவிடுகிறது. டி.பி. சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும், நிறுத்திய பிறகு நான்கு வாரமும் மாத்திரையை நம்பவே கூடாது. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், மூன்று மாத ஊசியும் வேலை செய்யும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால் ஆகியவையும் இதே மாதிரிதான். லாமோட்ரிஜின் சாப்பிடுபவர்களுக்குக் கதை தலைகீழ்: கருத்தடை மாத்திரை அந்த வலிப்பு மருந்தின் அளவைக் குறைத்துவிடும், வலிப்பு திரும்பி வரலாம். டி.பி. பிரிவில் மருந்து கொடுப்பவருக்கும், நரம்பியல் பிரிவில் எழுதுபவருக்கும் நீங்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடுவது தெரியாது. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், கூச்சமே வேண்டாம். காய்ச்சல், தொண்டைவலிக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின், அசித்ரோமைசின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்குகள் கருத்தடையைக் கெடுப்பதில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் மாத்திரை வேலை செய்யாது என்று பொதுவாகச் சொல்வது பழைய பயம்.

இனி நான் ரொம்பவும் வருத்தப்படும் ஒரு குழப்பத்துக்கு வருகிறேன். கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று வந்தால் தீட்டைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்குவார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம். மாதவிடாய் வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்து தினமும் சாப்பிடச் சொல்வார்கள். "இதுவும் ஹார்மோன் மாத்திரைதானே, இதைச் சாப்பிடும் நாட்களில் கரு தங்காது" என்று பல பெண்கள் நம்புகிறார்கள். அது கருத்தடை மாத்திரை அல்ல. அதைத் தொடங்கும்போது அந்த மாத முட்டை வெளியே வந்து பல நாள் ஆகியிருக்கும். கரு தங்கியிருந்தால் தங்கியதுதான். பிறகு நாள் தள்ளிப் போகும்போது, மாத்திரையால்தான் தள்ளுகிறது என்று நினைத்துப் பரிசோதனையும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். மாலா-என் சாப்பிடும் உங்களுக்கு அந்தத் தனி மாத்திரை தேவையே இல்லை. திருவிழா நேரத்தில் தீட்டு வேண்டாம் என்றால், பழுப்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேரே அடுத்த அட்டையின் வெள்ளைக்குப் போய்விடுங்கள். தீட்டும் தள்ளும், பாதுகாப்பும் கூடும்.

நீர்க்கட்டிக்காகக் கொடுக்கும் மாத்திரைகளில் பல, கலப்பு ஹார்மோன் மாத்திரைகள்தான். ஒழுங்காகச் சாப்பிடும்வரை கருவைத் தடுக்கும். நிறுத்தினால் அடுத்த மாதமே முட்டை வரலாம். "நீர்க்கட்டி இருக்கிறதே, நமக்கு எங்கே தங்கப்போகிறது" என்று இருந்து, எதிர்பாராமல் கர்ப்பமான பெண்கள் நிறைய.

வேறு வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. பாலூட்டும் தாய்க்குப் பிரசவமாகி ஆறு மாதம்வரை ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பொதுவாகத் தருவதில்லை. உங்கள் குழந்தைக்கு இரண்டு வயது என்பதால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரை பாலூட்டுபவர்களுக்கு ஏற்றது, ஆனால் நேரம் கறாராக இருக்க வேண்டும்: பழைய வகைகளில் மூன்று மணி நேரம் தாமதமானாலே விட்டதாகக் கணக்கு, டெசோஜெஸ்ட்ரல் என்ற புதிய வகையில் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். இன்னொன்று நம் நாட்டிலேயே, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமான். கடையில் சஹேலி, அரசு தருவது சாயா. இதில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு வாரத்துக்கு ஒரே நாள். சரியாகச் சாப்பிட்டால் வருடத்துக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டுமே தோற்கும். பாலூட்டும் தாய்க்கும் தரலாம். தினமும் போட மறப்பவருக்கு நல்ல வழிதான், ஆனால் வாரத்துக்கு ஒன்று என்பதே சிலருக்கு மறதியைக் கூட்டிவிடும். தீட்டு தள்ளித் தள்ளி வரும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் பயம்தான்.

அவசர கருத்தடை மாத்திரை என்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. சேர்ந்த பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இது முட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். முட்டை வந்துவிட்டிருந்தால் பலனில்லை. தங்கிய கருவைக் கலைக்கவும் கலைக்காது, அதற்குத் தீங்கும் செய்யாது. உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்குப் பலன் குறைகிறது. மாதத்துக்கு இரண்டு தடவை இதைப் போட்டுக்கொண்டு, தினசரி மாத்திரையைவிட இது சுலபம் என்று இருப்பது தப்புக் கணக்கு, ஒழுங்காகச் சாப்பிடும் தினசரி மாத்திரை அளவுக்குப் பாதுகாப்பு கிடைக்காது. சட்டப்படி மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஆனாலும் தமிழ்நாட்டில் நிறையக் கடைகளில் இல்லை என்று கையை விரித்துவிடுகிறார்கள். நேரத்தோடு போட்டியிடும் ஒரு மருந்துக்கு இப்படி அலைய விடுவது பெண்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம் என்பது என் கருத்து. கடை கடையாக அலையாமல் அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவுக்குப் போங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டால் அதுவே எந்த அவசர மாத்திரையையும்விட நன்றாகத் தடுக்கும், பிறகு பல வருடத்துக்கும் உதவும்.

பழுப்பு மாத்திரை நாட்களில் வரும் ரத்தப்போக்கு உண்மையான மாதவிடாய் அல்ல, ஹார்மோன் நின்றதால் வருவது. ஆகவே கொஞ்சம் பட்டது என்பதை வைத்து கரு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவருக்கு ஒரு மாதம் ரத்தமே வராமல் இருந்தாலும் பெரும்பாலும் அதில் ஒன்றுமில்லை. மாத்திரை விட்டுப்போயிருந்தால், சந்தேகமான அந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து சிறுநீர் பரிசோதனை செய்தால் விடை தெரிந்துவிடும். உங்கள் நாத்தனார் கர்ப்பம் தெரியாமல் சில வாரம் மாத்திரையைத் தொடர்ந்திருந்தால், அதனால் குழந்தைக்கு ஊனம் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்குக் கட்டாயம் இருக்கும். ஆரம்ப வாரங்களில் தெரியாமல் சாப்பிட்ட கருத்தடை மாத்திரையால் குழந்தைக்குப் பிறவிக் குறை வருவதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு மற்ற கர்ப்பிணிகளைப் போலவே பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பயத்துக்காக மட்டும் ஆசைப்பட்ட குழந்தையைக் கலைக்க வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறும்.

மாத்திரை யாருக்கு ஆகாது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ரத்தக் கொதிப்பு, காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு, கண்ணில் மின்னல் கீற்று தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, மார்பகப் புற்றுநோய், கடுமையான ஈரல் நோய் உள்ளவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தொடக் கூடாது. தொடங்கும் முன் ஒரு தடவையாவது ரத்த அழுத்தம் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்குப் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஒரு பக்கக் கால் வீக்கம், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தால் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது அரிதுதான்: மாத்திரை சாப்பிடாத பத்தாயிரம் பெண்களில் வருடத்துக்கு இருவருக்கு ரத்தக்கட்டு வருகிறது என்றால், உங்களுடைய வகை மாத்திரை சாப்பிடுபவர்களில் ஐந்து முதல் ஏழு பேருக்கு. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் ஆபத்து இதைவிட அதிகம்.

உங்களுக்கு மூன்று வருடம் வேண்டும். நூற்றுக்கு ஏழு என்ற வேகத்தில் மூன்று வருடம் போனால், நூறில் இருபது பேர்வரை கர்ப்பமாகியிருப்பார்கள். நடைமுறையில் கொஞ்சம் குறையும், ஏனென்றால் மறக்கிறவர்கள் முதல் வருடத்திலேயே விலகிவிடுவார்கள். ஆயிரத்துக்கு மூன்று என்ற வேகத்தில் போனால் அதே மூன்று வருடத்தில் நூறில் ஒருவர்கூட இல்லை. கடந்த மாதங்களில் புது அட்டையை என்று தொடங்கினீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தேதி தவறவில்லை, மொத்தத்தில் ஒன்றிரண்டு மாத்திரைதான் விட்டுப்போயிருக்கிறது என்றால் நீங்கள் தாராளமாக மாத்திரையை நம்பலாம். மாதம் தவறாமல் இரண்டு மூன்று விட்டுப்போகிறது என்றால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம், முறையை மாற்றுங்கள். காப்பர்-டி முதல் வருடத்தில் நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் தோற்கிறது. அதில் மறப்பதற்கு ஒன்றுமே இல்லை. எடுத்த உடனே கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். முதல் சில மாதம் தீட்டு கூடுதலாகவும் வலியோடும் இருக்கலாம், ரத்தசோகை உள்ளவர்கள் அதை யோசிக்க வேண்டும். அந்தரா எனப்படும் மூன்று மாத ஊசியும் அரசு மருத்துவமனையில் இலவசம். நடைமுறையில் நூறில் நான்கு பேருக்குத் தோற்கிறது, நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் கூடுதலாகலாம். மாத்திரையையே தொடர்ந்துகொண்டு ஆணுறையையும் சேர்த்துக்கொள்ளும் தம்பதியரும் உண்டு. பால்வினை நோய்களுக்கு மாத்திரை எந்தத் தடையும் இல்லை, அதற்கு ஆணுறைதான்.

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன் என்றாகிவிட்டது. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் மிகக் குறைவு. உங்கள் மாமியாருக்குத் தெரிந்த வட்டத்தில் மாத்திரையை வருடக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம், தோற்ற கதை மட்டும் காதில் விழுந்திருக்கும். அவர் சொல்வதில் அக்கறை இருக்கிறது. அடுத்த முறை செவிலியரிடம் அட்டை வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆயிரத்தில் மூவருக்குத் தங்கத்தான் செய்கிறது. அப்படி ஆனால் நாட்டு மருந்து, கடையில் சீட்டில்லாமல் வாங்கும் கலைப்பு மாத்திரை எதற்கும் போகாதீர்கள். கருத்தடை முறை தோற்றதால் வந்த கர்ப்பத்தை 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கலைத்துக்கொள்ள இந்தியச் சட்டம் இடம் தருகிறது. 2021இல் சட்டத்தைத் திருத்தியபோது 'திருமணமான பெண்ணோ அவர் கணவரோ' என்று இருந்த இடத்தில் 'பெண்ணோ அவருடைய இணையரோ' என்று மாற்றினார்கள். 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும், கணவர் கையெழுத்துச் சட்டப்படி தேவையில்லை. அரசு மருத்துவமனையில் கணவரைக் கூட்டி வரச் சொன்னால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.